கவிழ்த்து வைத்த கிளாஸ்

போன கிழமை ஒரு காலை அப்பாவின் கைபேசியை நான் எடுத்துப் பேசினேன். வேண்டுமென்று எடுக்கவில்லை. அவர் குளித்துக்கொண்டிருந்தார், அது விடாமல் அடித்தது, எடுத்தேன். மறுபக்கத்தில் சித்தப்பா. யார் எடுத்தது என்று பாராமலே ஒரு சின்னக் கேள்வி கேட்டார். அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சமைக்கிறேன். ஆனால் மனம் அந்தப் போனைப் பிடித்தபடி இன்னும் அங்கேயே நிற்கிறது.

உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? நீங்களும் என்னைப்போலச் சின்னப் பிள்ளையாய்க் கனடாவுக்கு வந்து, ஸ்காபரோ அப்பார்ட்மென்ட்டுகளில் வளர்ந்து, இப்போது அஜக்ஸிலும் ஸ்ரௌவ்விலிலும் வீடு வாங்கி, பிரஷர் குளிசை விழுங்கி நாளைத் தொடங்குகிற ஆட்கள்தானே. தாய் தகப்பனைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அந்த நினைப்புப் போய்விட்டது. சித்தப்பா என்ன கேட்டார் என்று சொல்வதற்கு முதல் ஒரு கிளாசின் கதையைச் சொல்லவேண்டும். நான் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுத்த வருசத்துக் கதை அது.

அந்த அப்பார்ட்மென்ட் மணம் உங்களுக்கும் மறந்திருக்காது. நடைபாதைக் காப்பெற்றில் நனைந்த சப்பாத்து மணம், யாரோ செத்தல் மிளகாய் வறுக்கிற நெடி, எலிவேற்றருக்குள் தரை கழுவுகிற மருந்து மணம். எங்கள் வீட்டில் ஓர் அறை அப்பாவுக்கும் அம்மாவுக்கும். மற்றது எனக்கு, தையல் மெசினும் அரிசி மூட்டையும் என்னோடு. ஹோலில் இழுத்து விரிக்கிற சோபா சித்தப்பாவுக்கு. அவர் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி.

சித்தப்பா எங்களுக்குப் பிறகு தனியாக வந்தவர். சித்தியை வயிற்றில் பிள்ளையோடு கொழும்பில் ஒரு லொட்ஜில் விட்டுவிட்டு வந்தார். வந்த இடத்தில் குடித்தார். எவ்வளவு குடித்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு விண்டரில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் பனிக்குள் கிடந்தவரை யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்பதும், அப்பா தலையைக் குனிந்துகொண்டு போய்க் கூட்டிவந்தார் என்பதும் மட்டும் தெரியும். அவருடைய இடது காதின் நுனி குளிரில் கறுத்து உதிர்ந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயம், பாராமல் இருக்கவும் முடியாது. ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து அவர் குடிக்கவில்லை. அதை வீட்டில் ஒருவரும் நம்பவும் இல்லை.

நம்பாததற்குக் காரணம் அந்தக் கிளாஸ். காருக்குப் பெற்றோல் அடித்தால் இலவசமாய்த் தந்த தடித்த கிளாஸ். பக்கத்தில் ஒரேஞ்சுப் பூக்கள், பாதி தேய்ந்தவை. காலையில் வேலைக்குப் போகமுதல் சித்தப்பா அதில் பைப்புத் தண்ணீரை நிறையப் பிடிப்பார். ஹோலில் ரீவிக்கு மேலே யேசுவின் திருஇருதயப் படம் தொங்கும், கீழே சின்னச் சிவப்பு பல்ப் எரியும். அதைப் பார்த்துக் கிளாசை உயர்த்தி, "ஆண்டவரே, இண்டைக்கு மட்டும் தாங்கும். நாளைக்கு நாளைக்குக் கேப்பன்" என்பார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறும் கிளாசை பிரிட்ஜுக்கு மேலே நிமிர்த்தி வைப்பார். பின்னேரம் நாங்கள் செபமாலை சொல்லி முடித்ததும் அதைக் கவிழ்த்து வைப்பார். கவிழ்ந்திருந்தால் அன்றைய நாள் தப்பிவிட்டது என்று அர்த்தம்.

அவர் வேலைக்குப் போன கையோடு அப்பா அந்தக் கிளாசை எடுத்து மூக்கில் வைத்து மணப்பார்.

"ஒண்டும் மணக்கேல்லை" என்பார், ஏதோ ஏமாந்ததுபோல.

"தண்ணி குடிச்ச கிளாஸ் என்னத்தை மணக்கிறது?" என்று அம்மா கேட்பா.

"உமக்கு ஒண்டும் தெரியாது. வொட்காவும் மணக்காது."

அப்பா குடிகாரர் இல்லை. அந்த வயதில் யாராவது கேட்டிருந்தால் சிலுவை போட்டுச் சொல்லியிருப்பேன். சனிக்கிழமைகளில் அவருடைய கூட்டாளிமார் வருவார்கள், என் அறையில் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து போத்தல் வெளியே வரும், அம்மா ஆட்டிறைச்சி பொரிப்பா. மற்ற நாட்களில் உடம்பு நோவுக்கென்று கொஞ்சம். அதற்குக் குடி என்று பெயர் இல்லை. அதுவும் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்தால் அப்பா தொடவே மாட்டார். போத்தல் மூட்டைக்குப் பின்னால் தூசி பிடித்துக்கொண்டிருக்கும். "நினைச்சால் நிப்பாட்டுவன், அதுதான் வித்தியாசம்" என்று சித்தப்பாவுக்குக் கேட்கத் தக்கதாகச் சொல்லுவார். இப்போது யோசித்தால், குடிகாரன் என்ற பெயரை ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள் போலிருக்கிறது. அந்த இடம் நிரம்பிவிட்டால் மற்றவர் நிம்மதியாகக் குடிக்கலாம்.

சனிக்கிழமை காலைகளில் கோயில் பேஸ்மென்ட்டில் எங்களுக்கு ஞானப்பாடம். படிப்பித்த அன்ரி, முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் பாவங்களை யோசித்துக்கொண்டு வரச் சொன்னா. எனக்குப் பாவம் காணாது. சகோதரத்துக்கு அடித்தேன் என்று சொல்லச் சகோதரம் இல்லை. பொய் சொன்னேன் என்று சொன்னால் அது ஒன்றுதான் பொய்யாக இருக்கும். சித்தப்பாவிடம் போய் முறையிட்டேன். அவர் சோபாவில் இருந்து, சித்தி கொழும்பிலிருந்து அனுப்பிய கசற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதில் அவர் இன்னும் கண்ணால் காணாத பிள்ளையின் மழலை இருந்தது.

"உமக்குக் காணாட்டி என்ரையிலை கொஞ்சம் தாறன், பிள்ளை. கனக்கக் கிடக்கு" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் எனக்குத் துணிவு வந்தது. "சித்தப்பா, ஏன் ஒவ்வொரு நாளும் இண்டைக்கு மட்டும் எண்டு கேக்கிறீங்கள்? ஒரேயடியா எல்லா நாளுக்கும் கேட்டால் என்ன?"

சிரிப்பு நின்றுவிட்டது. கசற்றை நிறுத்தினார்.

"எல்லா நாளும் எண்டு நினைச்ச உடனை எனக்குத் தொண்டை வறளுது. பயமாக் கிடக்கு. இண்டைக்கு மட்டும் எண்டால் அவரும் நானும் ஒரு மாதிரிக் கொண்டுபோயிடுவம்."

பெரிய ஆள் ஒருவர் தனக்குப் பயம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்.  கையிலிருந்த பிஸ்கற்றைத் தின்னவும் மறந்து அவருடைய காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தபசு காலத்தின் நடுவில் ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு சித்தியின் தமையன் வந்தார். அவர் ஒஷாவாவில் கார் பக்ரறியில் வேலை செய்தவர், எங்கள் ஆட்களுக்குள் முந்தி வந்தவர், கழுத்தில் ரை கட்டுபவர். எனக்கு அவர் ஒஷாவா மாமா. சித்தியையும் பிள்ளையையும் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடக்கூடியவர் அப்போது அவர் ஒருவர்தான். ஞானப்பாட அன்ரியையும் சாட்சிக்குப்போலக் கூட்டிவந்திருந்தார். சோபாவை மடித்து வைத்து எல்லோரும் இருந்தார்கள். சித்தப்பா மட்டும் நின்றார்.

"மச்சான், நேரை சொல்லுறன்" என்றார் ஒஷாவா மாமா. "இனிக் குடிக்கமாட்டன் எண்டு சிலுவையிலை சத்தியம் பண்ணும். அடுத்த கிழமையே நான் அலுவல் பாக்கிறன்."

"இண்டைக்குக் குடிக்கமாட்டன் மச்சான்."

"இண்டைக்கோ? நான் சாகுமட்டும் எண்டு கேக்கிறன்."

"அது என்னட்டை இல்லை. இண்டையான் மட்டும்தான் கிடக்கு."

 தேத்தண்ணித் தட்டோடு வந்த அம்மா கதவடியில் நின்றுவிட்டா. அன்ரி நெற்றியில் சிலுவை போட்டா. அப்பா எழும்பியே விட்டார்.

"பாத்தியளே! நாளைக்குக் குடிக்க இடம் வைச்சுக் கதைக்கிறான். உவன் திருந்தின ஆளே?"

பிறகு அப்பா செய்ததை நான் மறக்கவில்லை. கசற் றெக்கோடரின் பட்டனை அமத்தினார். சித்தியின் குரல் பின்னாலிருந்து சொல்லிக்கொடுக்க, அந்தப் பிள்ளை, "அப்பா, எப்ப கூப்பிடுவீங்கள்?" என்று கேட்டது. சித்தப்பாவின் கை தன்பாட்டில் அந்தக் கறுத்த காதுக்குப் போனது. அவர் ஒருவரையும் பார்க்கவில்லை.

"சரி. பண்ணுறன்" என்றார்.

பெரிய வெள்ளிக்குக் கோயில் எங்களுக்குப் பின்னேரம்தான் கிடைத்தது, ஆங்கிலக்காரர் முடித்துப் போன பிறகு. வெளியே பனி கரைந்து சேறு. உள்ளே ஈரக் கோட்டு மணமும் மெழுகுதிரிப் புகையும். பெண்கள் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் ஒப்பாரியான பசாம் பாடினார்கள்; அந்த இழுவைக்கு அழ நினைக்காதவருக்கும் கண்ணீர் வரும். சிலுவையை முத்தமிடுகிற வரிசை முடியுமட்டும் எங்கள் ஆட்கள் காத்திருந்தார்கள். பிறகு ஒரு பக்கம் அப்பாவும் மறுபக்கம் ஒஷாவா மாமாவும் பிடிக்கச் சித்தப்பா முன்னுக்குப் போனார். அப்பா அவருடைய வலது கையை எடுத்து ஆண்டவரின் பாதத்தில் வைத்தார். சுவாமியார் மூலையில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். இது ஒன்றும் அவருக்குத் தெரியாது.

"சாகுமட்டும் தொடமாட்டன்" என்றார் சித்தப்பா.

அம்மா விம்மி விம்மி அழுதா. ஒஷாவா மாமா கட்டிப்பிடித்தார். ஞானப்பாட அன்ரி தபசு காலம் என்றும் பாராமல் "அல்லேலூயா" என்றா. சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புப் பொய் இல்லை, அதுதான் இன்றைக்கும் என்னை உலுக்குகிறது. தான் ஒரேயடியாய்க் கரையேறிவிட்டதாக அவரும் நம்பினார்.

அடுத்த நாள் அம்மா பிரிட்ஜுக்கு மேலிருந்த கிளாசை எடுத்துக் கழுவித் துடைத்தா. "இனி உந்தக் கூத்து என்னத்துக்குத் தம்பி? சாகுமட்டும் குடுத்தாச்சே" என்று சொல்லிக்கொண்டு, அதில் கடுகைக் கொட்டிப் பலசரக்கு அலுமாரிக்குள் வைத்தா. "ஓம் மச்சாள்" என்றார் சித்தப்பா. அதற்குப் பிறகு காலையில் கொஞ்ச நேரம் கூடப் படுத்தார். தலையை வடிவாய் இழுத்துக்கொண்டு, விசிலடித்தபடி, திருஇருதயப் படத்தைத் திரும்பிப் பாராமல் வேலைக்குப் போனார். படம் அங்கேதான் இருந்தது, பல்ப் எரிந்துகொண்டுதான் இருந்தது. வீட்டில் எல்லோரும் அவரோடு சிரித்துக் கதைத்தார்கள். ஒஷாவா மாமா அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை வாங்கிவந்தார். உயிர்த்த ஞாயிறு வந்தது. அப்பா அரிசி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டுத் தூசியைத் தட்டினார்.

என் முதல் நன்மை மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அம்மா தைத்த வெள்ளைச் சட்டை, முக்காடு, கையுறை. பூசை முடிந்து எங்கள் கட்டிடத்தின் கீழ்மாடிப் பார்ட்டி றூமில் விருந்து. அங்கே குடிக்கக்கூடாது என்று சுவரில் பெரிதாய் எழுதியிருந்தது. எங்கள் ஆட்களுக்கு அது ஒரு தடையா? கார் டிக்கி என்னத்துக்கு இருக்கிறது? உங்கள் வீட்டு விருந்துகளிலும் இதுதானே நடந்தது. ஆண்கள் ஒவ்வொருவராய் "காரை ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று பின்பக்கப் பார்க்கிங்குக்குப் போவார்கள். திரும்பி வரும்போது முகம் மினுங்கும், குரல் ஏறும், பெண்சாதிமார் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

டிக்கிக்கு ஒரு ஆள் வேண்டும். ஊற்றிக் கொடுக்கவும், போத்தலைக் காக்கவும். அப்பா காசிலே கவனமான மனிதர், போத்தலில் அதைவிடக் கவனம். ஆட்கள் வந்து சேரத் தொடங்கியதும் அவர் கார்த் திறப்பைக் கிலுக்கி எல்லோருக்கும் தெரியத்தக்கதாகத் தூக்கிப் பிடித்தார்.

"இண்டைக்கு டிக்கி என்ரை தம்பியின்ரை பொறுப்பு. சிலுவையிலை சத்தியம் பண்ணின ஆள். ஒரு சொட்டும் குறையாது!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஒஷாவா மாமா சித்தப்பாவின் முதுகில் தட்டினார். இதை நன்றாகக் கேளுங்கள்: ஒருவரும் அவரைப் பகிடி பண்ணவில்லை. அது மரியாதை. மனதார அவரை மதித்துத்தான் அந்தத் திறப்பைக் கொடுத்தார்கள்.  சித்தப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார், என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு திறப்பை வாங்கினார்.

கேக் வெட்டுகிற நேரம். படம் எடுக்கச் சித்தப்பாவைக் காணவில்லை என்று அம்மா என்னை அனுப்பினா. நான் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு பின்கதவால் ஓடினேன். நல்ல வெயில். டிக்கி திறந்திருந்தது, மற்றவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். சித்தப்பா டிக்கியின் விளிம்பில் இருந்தார். போத்தல் நேரே வாயில். விருந்துக்குக் குடிக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். இது அப்படி இல்லை. விளையாடிவிட்டு ஓடிவந்த பிள்ளை பைப்பில் வாயை வைத்துத் தண்ணீர் குடிப்பதுபோலக் குடித்தார். கழுத்தால் வழிந்து சட்டையெல்லாம் ஈரம்.  

அவர் என்னைக் கண்டார். போத்தலைக் கீழே இறக்கினார்.

"ஆ, பிள்ளை. படத்துக்கோ? வாறன், வாறன்" என்றார், மிகவும் மரியாதையாக.

வந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறோம், சித்தப்பாவின் கை கேக் மேசையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. படம் எடுத்து முடிய மேசை சரிந்தது. கேக் நிலத்தில், அதன்மேல் சித்தப்பா. அப்பா அவரைச் சட்டையில் பிடித்துத் தூக்கி, எல்லோருக்கும் முன்னால் கன்னத்தில் அறைந்தார்.

"சிலுவையிலை கை வைச்ச நாயே! ஆண்டவரை ஏமாத்திப் போட்டியே!"

நான் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டுப்பட்டு நின்றேன். ஒரு பக்கம் அப்பாவின் மூச்சு, மறுபக்கம் சித்தப்பாவின் மூச்சு. இரண்டிலும் ஒரே மணம். ஒரே போத்தல்தானே. எனக்கு அது அந்த நிமிசத்திலேயே தெரிந்தது, ஆனால் அது சொல்லக்கூடிய விசயம் என்று தெரியவில்லை. ஒஷாவா மாமா ரையைச் சரிசெய்துகொண்டு, "முடிஞ்சுது. என்ரை தங்கச்சி இனி இஞ்சை வரமாட்டாள்" என்றார். அன்ரி என் முக்காட்டிலிருந்த கிறீமைத் துடைத்துக்கொண்டே, சத்தியத்தை முறித்தவனுக்கு மன்னிப்பே இல்லை என்றா. காலையில்தான் பூசையில் மன்னிப்பைப் பற்றி எங்களுக்குப் பாட்டுச் சொல்லித்தந்தவ.

அடுத்த நாள் ஞாயிறு. சித்தப்பா வெட்கத்தில் போர்வைக்குள் கிடப்பார், அல்லது விடிய முதல் ஓடியிருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அப்பா மேசையில் இருந்தார். அம்மா அழுது வீங்கிய முகத்தோடு தேத்தண்ணி போட்டா. சித்தப்பா எழும்பி வந்தார், கன்னம் சிவந்தபடி. பலசரக்கு அலுமாரியைத் திறந்தார். கிளாசை எடுத்து, கடுகை ஒரு கோப்பையில் ஆறுதலாகக் கொட்டினார். கிளாசைக் கழுவினார். தண்ணீர் தளம்பிச் சிந்தியது. நிறையப் பிடித்துத் திருஇருதயப் படத்துக்கு முன்னால் உயர்த்தினார்.

"ஆண்டவரே, இண்டைக்கு மட்டும் தாங்கும். நாளைக்கு நாளைக்குக் கேப்பன்."

அப்பா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். 

"டேய், உனக்கு வெக்கமில்லையோ? நேற்று அந்தக் கூத்து ஆடினவன் இண்டைக்கு எந்த முகத்தோடை அவரிட்டைக் கேக்கிறாய்?"

"நேற்றுக் கேக்கேல்லை அண்ணை. அதுதான்."

"அப்ப நீ பண்ணின சத்தியம்?"

"அது நான் அவருக்குக் குடுத்தது. என்ரை கையிலை இல்லாததைக் குடுத்திட்டன். இது அவர் எனக்குத் தாறது."

சிந்தின தண்ணீரைத் துணியால் துடைத்தார். அன்று மத்தியானம் ஒரு பையோடும் அந்தக் கிளாசோடும் ஒரு கூட்டாளியின் பேஸ்மென்ட்டுக்குப் போய்விட்டார். அப்பா கதவைச் சாத்தினார். சாத்தினது சாத்தினதுதான், அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் வருசக்கணக்காகக் கதைக்கவில்லை. கடுகு இரண்டு மூன்று நாள் அந்தக் கோப்பையிலேயே கிடந்தது.

சித்தி வந்தா. தமையன் போன் பண்ணி, அந்தக் குடிகாரனை மறந்துவிடு என்று சொன்னபோது அவ ஒரு கேள்விதான் கேட்டாவாம்: "அடுத்த நாள் எழும்பித் தண்ணி குடிச்சவரோ?" கிளாஸ் கதை அவவுக்கு முன்பே தெரியும். ஓம் என்று கேட்டதும், பொறுத்திருந்து, சித்தப்பாவுக்குக் கனடாவில் நிரந்தரமாய் இருக்கப் பேப்பர் கிடைத்த பிறகு அவர் கூப்பிட வந்தா. ஒஷாவாவில் தமையன் வீட்டுக்குக் கிட்டவே இருந்தார்கள்; ஒஷாவா மாமாவும் காலம் போகப் போகக் குளிர்ந்தார். சித்தப்பா அதற்குப் பிறகும் ஒருமுறை விழுந்தார் என்றும், விடிய எழும்பித் திரும்பக் கேட்டார் என்றும் சித்தி ஒளிக்காமல் சொல்லுவா. ஒரேஞ்சுப் பூக் கிளாஸ் வீடு மாறும்போது உடைந்துவிட்டது. நான்தான் அந்தச் செய்தியைக் கேட்டுக் கவலைப்பட்டேன். "கிளாசிலை என்ன கிடக்குப் பிள்ளை?" என்றார் சித்தப்பா.

இனி போன கிழமைக்கு வருகிறேன்.

அம்மா போன பிறகு அப்பா ஸ்ரௌவ்விலில் எங்களோடு, கீழ் அறையில். அம்மாவின் செத்தவீட்டில் சித்தப்பாவும் அவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அதற்குப் பிறகு கதைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு காலையும் சித்தப்பாவின் போன் வரும், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். யார் செத்தது, எங்கே அடக்கம் என்று வயதானவர்கள் கதைக்கிற கதை என்று நினைத்தேன். அப்பாவின் குளியலறையில் ஒரு பிளாஸ்ரிக் ரம்ளர் இருக்கும். பொய்ப்பல்லுப் போட என்று நினைத்தேன். நான் அதை எடுத்துப் பாத்திரம் கழுவுகிற மெசினுக்குள் போடுவேன். அவர் ஒன்றும் பேசாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போவார். எத்தனை தரம் போட்டேனோ தெரியாது.

போனை எடுத்து நான் ஹலோ சொல்ல முதலே சித்தப்பாவின் குரல் வந்தது.

"அண்ணை, இண்டைக்குக் கேட்டாச்சோ?"

 காதில் முதலில் கேட்டது ஒரு பைப்புத் தண்ணீர்ச் சத்தம். மேலே யாரோ திறந்ததா, அந்தப் பழைய அப்பார்ட்மென்ட்டிலிருந்து வந்ததா என்று ஒரு கணம் தெரியவில்லை. "சித்தப்பா, நான்" என்றேன்.  "சித்தப்பா, அப்பா என்னத்தைக் கேக்கிறது?"

"அது அண்ணையின்ரை கதை, பிள்ளை. நான் சொல்லக்கூடாது."

அப்பா தோளில் துவாயோடு கதவடியில் நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கையை நீட்டிப் போனை வாங்கினார். திரும்பி நின்று கதைக்கவில்லை, என்னைப் பார்த்தபடியே கதைத்தார்.

"ஓம் தம்பி. கேட்டிட்டன். இண்டைக்கு மட்டும்."

பிறகு கட்டிலில் இருந்தார். அறைந்த அதே கை, இப்போது தோல் சுருங்கி, முழங்காலில் கிடந்தது.

"அம்மா இருக்குமட்டும் அவ மறைச்சா. அவ போனாப் பிறகு மறைக்க ஆளில்லை. ஒருநாள் நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு உந்தக் குளிக்கிற இடத்திலை விழுந்து கிடந்தன், பிள்ளை. எழும்பேலாது. உனக்குப் போன் அடிக்க வெக்கம். உவனுக்குத்தான் அடிச்சன். ஒஷாவாவிலையிருந்து வந்து என்னைக் கழுவி, நிலத்தையும் கழுவிப் போட்டு, ஒரு வார்த்தை சொல்லேல்லை."

"அப்பா..."

"நான்தான் அழுதுகொண்டு சொன்னன், தம்பி, சிலுவையைக் கொண்டா, சத்தியம் பண்ணுறன் எண்டு. வேண்டாம் அண்ணை எண்டவன். ஒரு ரம்ளர் தண்ணி பிடிச்சுத் தந்தவன்."

 அப்பா குடிகாரர் இல்லை என்று சிலுவை போட்டுச் சொல்லியிருக்கக்கூடிய அந்தச் சின்னப் பெட்டை எனக்குள்ளே வாயடைத்து நின்றாள். நான் அவருடைய முதுகைத் துவாயால் துடைத்துவிட்டேன்.

"உந்த ரம்ளரை மெசினுக்குள்ளை போடாதை, பிள்ளை" என்றார். "தேடித் திரிய வேண்டிக் கிடக்கு."

அன்று வேலையில் நான் ஒன்றும் செய்யவில்லை. நேரத்தைப் பார்த்துப் பார்த்து இருந்தேன். காரில் வரும்போது, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும்போது, அப்பாவோடு செபமாலை சொல்லும்போது, எனக்குத் தொண்டை வறண்டபடிதான் இருந்தது. சித்தப்பா அன்று சொன்ன அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று இவ்வளவு வயதுக்குப் பிறகு எனக்கு விளங்கியது. செபம் முடிந்து அப்பா கீழே போனார். கொஞ்சம் பொறுத்து, துவாய் மாற்றுகிற சாட்டில் நானும் போனேன். குளியலறை லைற்றைப் போட்டேன்.

ரம்ளர் கவிழ்ந்திருந்தது.